எடை: அறுபது கிலோ எனக் கொள்க

தெர்மாக்கோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
சீர்காழியிலிருந்து நாகப்பட்டினம் வந்தேன்.
கவிச்சி தாங்காமல்
காரைக்கால் தாண்டும்வரை
நடத்துனர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.
அரசு வேலை என்றேன்.
ஒப்பந்த வேலை என்று சொல்லவில்லை.

பெட்டிக்குள் நாற்பது மட்டி.
கொள்ளிடம் கடலில் விழும் இடத்துச் சேறு
இன்னும் ஓட்டில் காயவில்லை.
ஐஸுக்கு நடுவே ஒன்றிரண்டு
வாய் திறந்து மூடின.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
காலால் தடவிக் கண்டுபிடித்து
கையால் எடுத்துக் கொடுத்தவள் அஞ்சலாட்சி.
முகாமுக்கு வந்த டாக்டர்
உள்ளங்கை தடித்திருக்கிறதா என்று பார்த்தாராம்.
பாஷாணம் உடம்பில் தங்கினால்
அங்கேயும் காட்டுமாம்.
"ஓடு கிழிச்சுக் கிழிச்சுக் காச்சுப்போன கை இது.
இதுல எந்தத் தடிப்பப் பாத்தாரோ"
என்று சிரித்தாள்.
கொஞ்சம் கழித்து,
"பாஷாணத்துல புழுத்த புழு நாங்க" என்றாள்.
அப்போது சிரிக்கவில்லை.

ஓட்டைப் பிளந்து, சதையைச் சுரண்டி,
இரவெல்லாம் உலர்த்தி, பொடித்து,
அமிலத்தில் கரைத்தால்
மட்டி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.
தெளிந்த நீர். லேசான மஞ்சள்.
கருவி அதை உறிஞ்சி எரித்து
ஓர் எண்ணைத் துப்பும்.

மொத்த ஆர்சனிக்.
மொத்தம் மட்டும்தான்.
கடலில் வாழ்வதெல்லாம் கொஞ்சம் வைத்திருக்கும்.
கரிமத்தோடு கைகோத்துக் கிடப்பதில் பெரும்பங்கு
ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும்.
மற்றதுதான் வம்பு.
தோலில் புள்ளி புள்ளியாக வரும்,
புழுதியில் விழுந்த முதல் தூறல்போல.
சிறுநீர்ப்பையிலும் நுரையீரலிலும்
பத்து வருஷம் இருபது வருஷம்
அவசரப்படாமல் வேலை பார்க்கும்.

எது எவ்வளவு என்று
எங்கள் கருவிக்குப் பிரிக்கத் தெரியாது.
கொச்சிக்கு அனுப்ப வேண்டும்.
ஒரு மாதிரிக்கு ஆகும் தொகையைக் கேட்டுவிட்டுத்
துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பார்க்கலாம். அதுவரைக்கும்
யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.
சந்தை படுத்துடும்."

அதுவும் பொய்யில்லை.
போன வருஷம் யாரோ பரப்பிய வாட்ஸப் செய்தியில்
பதினோரு நாள் மட்டி விலைபோகாமல் கிடந்ததாம்.
அந்தப் பதினோரு நாளும்
அவர்கள் அதைத்தான் தின்றார்கள்.

நேற்றிரவு போன் செய்தாள்.
"சுத்தி வளைக்காதம்மா.
திங்கலாமா, வேணாமா?"
பின்னால் ஒரு குழந்தை
ஓட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.
மறு பரிசோதனை என்று ஆரம்பித்தேன்.
என் குரல் எனக்கே
கவுண்டருக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டது.
வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுவீங்க, என்றேன்.
படிவத்தில் மூன்று கட்டம்:
ஒன்று, இரண்டு, இரண்டுக்கு மேல்.
"விக்காத நாளெல்லாம்" என்றாள்.

அதற்குக் கட்டம் இல்லை.

எல்லோரும் போய்விட்டார்கள்.
கணக்குத் தாளைத் திறக்கிறேன்.
உண்ணும் அளவு. உண்ணும் நாள்.
உண்பவர் எடை: அறுபது கிலோ எனக் கொள்க.
கொண்டேன்.
எண் பச்சையில் நின்றது.

ஓட்டைத் தட்டிய குழந்தையின் பெயர் தர்ஷனா.
அஞ்சலாட்சியின் கடைக்குட்டி.
மட்டிக் குழம்பு என்றால்
சோற்றைத் தள்ளிவிட்டு மட்டியை மட்டும் பொறுக்குவாள்.
கதவில் செருகியிருந்த அங்கன்வாடி அட்டையில்
பதினொன்று இருநூறு என்று எழுதியிருந்தது.

அறுபதை அழித்தேன்.
பதினொன்று புள்ளி இரண்டு.

இன்னும் ஒரு பொத்தான்தான் தட்ட வேண்டும்.

குளிர்பெட்டியில், மாதிரிகளுக்குக் கீழ்த்தட்டில்,
"இது ஒனக்கு" என்று
அவள் தனியாகக் கட்டிக்கொடுத்த பை இருக்கிறது.
அதே சேறு. எண் ஒட்டாதது.
இன்னும் நான் பிரிக்கவில்லை.